எண்ணிப் பார்த்தவர்!

சித்திரை பிறந்துவிட்டால் தல்லாகுளம் தன் பழைய உருவில் இருப்பதில்லை. அழகர்மலையிலிருந்து வருபவரை எதிர்கொண்டழைக்க ஊர் திரண்டு நிற்கும். ஊரென்ன, சுற்றுப்புறச் சீமையே திரண்டு நிற்கும். தமுக்கம் திடலருகே நின்று பார்த்தால் தலை தெரியும், தரை தெரியாது! நீர்மோர்ப் பந்தல் ஒருபுறம், பனையோலை விசிறி ஒருபுறம், தோல்பையிலே தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சியடிப்போர் ஒருபுறம். இத்தனைக்கும் நடுவே, ஓர் ஒலிபெருக்கி.

ஒலிபெருக்கிக்குப் பின்னே ஒரு மனிதர், அவர் கையிலே ஒரு புட்டி. மூட்டுவலி முதல் மஞ்சட்காமாலை வரை எல்லாப் பிணிக்கும் அந்த ஒரே புட்டி போதுமாம்! ஆதாரம்? பத்துப் பேருடைய படங்களை அட்டையிலே ஒட்டி வைத்திருக்கிறார். பத்துப் பேரும் குடித்தார்களாம், பத்துப் பேரும் பிழைத்தார்களாம். நமக்குப் பக்கத்திலே நின்றிருந்த சுமை தூக்கும் தோழர் ஒருவர், வீட்டில் படுத்திருக்கும் மனைவியை நினைத்தாரோ, பெற்ற தாயை நினைத்தாரோ, அன்றையக் கூலியிலே பாதியை எடுத்து நீட்டிவிட்டு, புட்டியை மடியிலே கட்டிக்கொண்டு நடந்தார்.

அந்தத் தோழரை நாம் ஏளனம் செய்யவில்லை. நோய் வந்த வீட்டிலே நம்பிக்கைதானே விளக்கு! ஆனால் அந்த மனிதரை நோக்கிக் கேட்க நம்மிடம் மூன்று கேள்விகள் இருந்தன. பத்துப் பேர் பிழைத்தது சரி, மொத்தம் எத்தனை பேர் குடித்தார்கள்? குடித்தும் பிழைக்காதவர்கள் எத்தனை பேர்? குடிக்காமலே பிழைத்தவர்கள் எத்தனை பேர்?

குடித்து மாண்டவன் படம் பிடித்துக்கொள்ள வரமாட்டான்! குடிக்காமல் தேறியவனை யாரும் தேடிப் போகமாட்டார்கள்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காக்கையைக் கண்டவன் காக்கையின் வலிமையைப் பாடுவான். காக்கை உட்காத மரங்களிலும் பழம் விழுந்ததா என்று எண்ணிப் பார்ப்பவன்தான் உண்மையைக் காண்பான்.

தமிழிலே எண்ணுதல் என்ற சொல்லுக்குச் சிந்தித்தல் என்றும் பொருள்; கணக்கிடுதல் என்றும் பொருள். இரண்டும் ஒன்றாகச் சேருமிடத்திலே பிறந்ததுதான், இன்று அறிவுலகம் சான்றுவழி மருத்துவம் என்று அழைக்கும் முறை. அந்தப் பெயர் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே, இந்த நாட்டின் சேரிகளிலும் சிறைகளிலும் நின்று எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். எண்ணிப் பார்க்கச் சொன்ன அவரையே, எண்ணிப் பாராமல் தண்டித்தது அன்றைய ஆட்சி. அவர் பெயர் வால்டெமர் ஹாப்கின்.

அகதியாய் வந்த அறிஞன்

1860ஆம் ஆண்டு, கருங்கடற்கரையிலுள்ள ஒடெசா நகரிலே, யூதக் குடும்பத்தில் பிறந்தார் ஹாப்கின். அன்று அது ஜார் மன்னனின் ஆட்சிக்குட்பட்ட ஊர். யூதன் என்றால் அடிக்கலாம், கடையைக் கொளுத்தலாம், கேட்பாரில்லை என்றிருந்த காலம். தம் மக்களைக் காக்க எழுந்த இளைஞர் அணியிலே நின்றார் மாணவர் ஹாப்கின், காயமுற்றார், கைதானார். அவருடைய ஆசிரியர் மெக்னிகாவ், பிற்காலத்திலே நோபல் பரிசு பெற்ற பேரறிஞர், தலையிட்டு மீட்டார். படிப்பிலே முதல்வர், ஆனால் பேராசிரியர் பதவி வேண்டுமானால் மதம் மாறு என்றது ஆட்சி. மாட்டேன் என்று மறுத்துவிட்டுப் பிறந்த நாட்டையே துறந்தார்.

பாரிஸ் சென்றார். லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்திலே அவருக்குக் கிடைத்தது ஆராய்ச்சியாளர் நாற்காலியல்ல. நூலகத்தில் உதவியாளர் வேலை! புத்தகம் எடுத்துக் கொடுத்த நேரம் போக மீந்த நேரத்திலே கிருமிகளோடு மல்லாடினார். 1884ஆம் ஆண்டு கல்கத்தாக் குளத்து நீரிலே ராபர்ட் காக் என்ற செர்மானியர் காலராக் கிருமியைக் கண்டு காட்டியிருந்தார். அந்தக் கிருமியை வலுவிழக்கச் செய்து, உடலிலே செலுத்தி, உடலுக்கே போர்ப்பயிற்சி கொடுக்க முடியுமா என்று முயன்றார் ஹாப்கின். முடிந்தது. 1892 ஜூலை 18ஆம் நாள், முதல் ஊசியைத் தம் உடலிலேயே குத்திக்கொண்டார்.

தாமே குத்திக்கொண்டது வீரம், ஐயமில்லை. ஆனால் அது சான்றாகிவிடுமா? ஆகாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலைக்குப் பொருந்தும். ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. மக்கள் அப்படி ஒரே பானையில் வெந்தவர்களா? ஒருவர் வலியவர், ஒருவர் மெலியவர். ஒருவர் மாடியிலே, ஒருவர் சாக்கடையோரத்திலே. ஒருவர் பிழைத்ததை வைத்து ஊர் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. அதை மற்றவரைவிட நன்றாக அறிந்திருந்தவர் ஹாப்கின். அதனால்தான் காலராவின் தாயகத்தையே தேடி, 1893ஆம் ஆண்டு கல்கத்தாவில் வந்திறங்கினார்.

சேரியிலே ஒரு கணக்கு

திருவிழாக் கூட்டமும் காலராவும் கைகோத்து நடந்த காலம் அது. புனித நீராடப் போனவர் வீடு திரும்பாத கதை எத்தனை! வாந்தியும் பேதியும் கண்டால் தெய்வத்தின் சீற்றம் என்று பொங்கல் வைத்தார்கள். ஊரைக் காலி செய்துவிட்டு ஓடினார்கள். அந்த மக்களிடம் ஊசியோடு போனார் ஹாப்கின். மக்கள் நம்பவில்லை, கல்லெறிந்தவர்களும் உண்டு. அரசாங்க மருத்துவர்களோ வேறு வகையில் முகம் சுளித்தார்கள். இவர் மருத்துவப் பட்டம் பெறாதவர், உயிரியல் படித்தவர், அதிலும் அயல்நாட்டு யூதர். இவருக்கென்ன இங்கே வேலை என்று முணுமுணுத்தார்கள்.

1894ஆம் ஆண்டு கல்கத்தாவின் கட்டல் பாகான் சேரியிலே காலரா புகுந்தது. ஏறத்தாழ இருநூறு பேர் வாழ்ந்த இடம்; அவர்களில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள்; மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். ஒரே சேரி, ஒரே குளத்து நீர், ஒரே வறுமை. பிறகு அங்கே காலராவுக்கு இரையானவர்கள் யார் என்று எண்ணினார் ஹாப்கின். அத்தனை பேரும் ஊசி போடாத வரிசையிலிருந்தவர்கள்! எறிந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டியது சேரி. இரண்டரை ஆண்டுகளில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஊசி போட்டார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களின் கூலிமக்களும் அவர்களிலே உண்டு.

வெறும் ஊசி போட்டவர்கள் பலருண்டு, தோழர்களே. ஊசி போடாதவர்களையும் ஏட்டிலே குறித்து, இரு வரிசையையும் ஒப்பிட்டவர் என்பதுதான் ஹாப்கினின் தனிச்சிறப்பு.

வீட்டுக்குப் பாதி

1896ஆம் ஆண்டு பம்பாயைப் பிளேக் பிடித்தது. எலி விழுந்தது, பின்னால் மனிதன் விழுந்தான். ஆலைத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அரசாங்கம் ஹாப்கினை அழைத்தது. கொடுத்தது என்ன? மருத்துவக் கல்லூரியிலே ஓர் அறை, ஓர் எழுத்தர், மூன்று ஏவலாட்கள்! சில திங்களுக்குள் பிளேக் ஊசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள், வழக்கம்போல் முதல் ஊசி அவருக்கேதான்.

அந்தத் திங்கள் இறுதியிலேயே பைக்குல்லாச் சிறையில் பிளேக் தோன்றியது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ஊசி போட்டார். ஒரே சுவர், ஒரே சோறு, ஒரே காவல். ஊசி போடாதவர்களில் 12 பேரைப் பிளேக் பற்றியது; 6 பேர் மாண்டனர். ஊசி போட்டவர்களில் இருவரைப் பற்றியது, ஒருவரும் சாகவில்லை.

அதோடு நின்றாரா? இல்லை. முன்வந்தவர்கள் ஒருவேளை திடமானவர்களாக, எச்சரிக்கையுள்ளவர்களாக இருந்திருந்தால்? அவர்கள் தப்பியதற்கு ஊசி காரணமா, உடற்கட்டுக் காரணமா? இந்தக் கேள்வியை எதிரி கேட்குமுன் தாமே கேட்டுக்கொள்வதுதான் அறிவாளியின் இலக்கணம். 1898ஆம் ஆண்டு பரோடாவை அடுத்த உந்தேரா என்ற சிற்றூரிலே அதற்கு விடை தேடினார். ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்லை. வயது, உடல்நிலை எல்லாம் இரு பக்கமும் ஒத்திருக்குமாறு பிரித்தார். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே எலி!

பிளேக் புகுந்த வீடுகள் 28. அந்த வீடுகளில் ஊசி போட்டவர்கள் 71 பேர். நோய் கண்டவர் 8, மாண்டவர் 3. ஊசி போடாதவர்கள் 64 பேர். நோய் கண்டவர் 27, மாண்டவர் 26. எழுபத்தொருவரில் மூவர் எங்கே, அறுபத்து நால்வரில் இருபத்தறுவர் எங்கே! மேடைப் பேச்சாளன் ஆயிரம் உவமை அடுக்கினாலும் இந்த நான்கு எண்கள் பேசியதைப் பேச முடியுமா? 1925ஆம் ஆண்டுக்குள் பம்பாய்க் கூடத்திலிருந்து வெளியேறிய பிளேக் ஊசி மருந்து இரண்டு கோடி அளவையும் தாண்டியது.

பத்தொன்பது பிணங்களும் ஒரு புட்டியும்

அந்தப் பெருமைக்கு நடுவே வந்தது பேரிடி. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் மல்கோவால் என்ற ஊரிலே 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேரை டெட்டனஸ் எனும் இசிவு நோய் வளைத்து முறித்தது. பத்தொன்பது பேரும் மாண்டனர்.

கொடுமைதான். அழாமல் யாரால் இருக்க முடியும்? ஆனால் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ண வேண்டுமல்லவா? மாண்ட பத்தொன்பது பேருக்கும் ஊசி மருந்து ஒரே புட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று அதே ஊரில் மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி பெற்றவர்கள் நலமாக இருந்தார்கள். ஆக, கேள்வி அந்த ஒரு புட்டியைப் பற்றியது. நஞ்சு அதற்குள் புகுந்தது பம்பாயில் அடைத்தபோதா, மல்கோவாலில் திறந்தபோதா? திறந்தபோது கெட்ட நாற்றம் எதுவும் வீசவில்லை. டெட்டனஸ் கிருமி நெடுநாள் வளர்ந்திருந்தால் நாற்றம் வீசியிருக்கும். தக்கையைப் பிடுங்கப் பயன்பட்ட இடுக்கி, கைதவறி மண்ணிலே விழுந்து, சரிவரத் தூய்மை செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டது என்ற செய்தியும் வெளிப்பட்டது. டெட்டனஸ் கிருமியின் குடியிருப்போ மண்!

ஆனால் விசாரணைக் குழு, குற்றம் பம்பாய்க் கூடத்திலே என்றது. ஹாப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1904ஆம் ஆண்டு இலண்டன் போய்ச் சேர்ந்தார். எவன் ஒப்பிட்டுப் பார் என்று ஊருக்குச் சொன்னானோ, அவன் வழக்கிலே ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை!

உண்மைக்குக் கால் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று மெய்ப்பித்த ரொனால்ட் ராஸ் சான்றுகளைத் தொகுத்தார். 1907ஆம் ஆண்டு பத்து அறிஞர்கள் கையொப்பமிட்டு இலண்டன் டைம்ஸ் ஏட்டிலே குரல் எழுப்பினார்கள். அரசாங்கம் பழியை நீக்கியது. ஹாப்கின் மீண்டும் கல்கத்தா வந்தார். ஆனால் அவர் உருவாக்கிய பம்பாய்க் கூடத்தின் தலைமை அவருக்குத் திரும்பவில்லை. கசப்பை விழுங்கிக்கொண்டு பணி முடித்து ஐரோப்பா திரும்பினார். 1925இல் அந்தப் பம்பாய்க் கூடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலே கண்மூடினார்.

தராசுக்கு முகமில்லை

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் சிலர் வியக்கக்கூடும். ஹாப்கின் தந்த காலரா ஊசியின் வழிவந்த ஊசிகளை 1960களிலே பல நாடுகளில் கடுமையாகச் சோதித்தார்கள். அவை தரும் காப்பு அரைகுறையானது, சில திங்களே நிற்கும் என்று தெரிந்தது. பயணிகளுக்குக் காலரா ஊசிச் சான்றிதழ் வேண்டும் என்ற பன்னாட்டு விதி 1973இல் கைவிடப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1971இல், வங்க அகதிகள் குவிந்திருந்த போன்காவ் முகாமிலே, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார் மருத்துவர் திலீப் மகாலனபிஸ். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது!

இது ஹாப்கினுக்குத் தோல்வியா? இல்லை, தோழர்களே! இதுதான் அவருடைய வெற்றி. அவர் தந்தது ஊசியை மட்டுமல்ல, தராசையும் தந்தார். அந்தத் தராசிலே அவருடைய ஊசியே ஏறி நின்று எடை குறைந்தபோது, அதைவிட நல்லதை உலகம் எடுத்துக்கொண்டது. தலைவர் சொன்னார், பெரியவர் சொன்னார், பழைய ஏடு சொன்னது என்பதற்காக அங்கே எடை கூடாது. சித்த மருந்தானாலும் அதே தராசு, ஆங்கில மருந்தானாலும் அதே தராசு.

நம் சென்னையிலே நடந்ததைக் கேளுங்கள். காசநோய் கண்டால் சானடோரியத்திலே மாதக்கணக்கில் படுக்க வேண்டும்; நல்ல காற்று, நல்ல சோறு, முழு ஓய்வு இல்லாவிட்டால் பிழைப்பில்லை என்று உலகமே நம்பியிருந்தது. ஏழைத் தொழிலாளிக்கு இது மருந்தா, மரண ஓலையா? படுக்கைகளோ சில, நோயாளிகளோ இலட்சம். 1956ஆம் ஆண்டு சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் ஆய்வு நிலையம் இந்த நம்பிக்கையைத் தராசிலே ஏற்றியது. 163 நோயாளிகள், 82 பேருக்கு வீட்டிலே மருந்து, 81 பேருக்குச் சானடோரியத்திலே அதே மருந்து.

யாரை எங்கே அனுப்புவது? மருத்துவர் தேர்ந்தெடுத்தால் அவருடைய இரக்கம் ஒரு பக்கம் சாய்க்கும்; நோயாளி தேர்ந்தெடுத்தால் அவருடைய வசதி சாய்க்கும். எனவே சீட்டுக் குலுக்கினாற்போல் பிரித்தார்கள். திருவுளச்சீட்டு என்று கோயிலிலே போட்டுப் பார்ப்பார்களே, அது போன்றதுதான். ஆனால் இது தெய்வத்தின் கருத்தை அறிய அல்ல, மனிதனின் ஓரவஞ்சனையை ஒழிக்க! உந்தேராவிலே ஹாப்கின் வீட்டுக்குப் பாதியாகப் பிரித்தாரே, அந்த முறையின் முதிர்ந்த வடிவம் இது.

ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தோரில் நூற்றுக்கு 86 பேர் தேறினார்கள். சானடோரியத்தில் 92 பேர். இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. வீட்டிலிருந்தவர்கள் உண்டது மட்டமான சோறு, இருந்தது நெருக்கமான குடிசை. இருந்தும் மருந்து அவர்களைக் காத்தது. அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகெங்கும் காசநோய் மருத்துவம் மாளிகையை விட்டுக் குடிசை வாயிலுக்கு வரத் தொடங்கியது. ஏழையின் பக்கம் நின்று பேசியவர் ஒரு பேச்சாளரல்ல, சேத்துப்பட்டின் கணக்கேடு!

2020இல் கொரோனா வந்தபோதும் அதே கதைதான். மலேரியா மாத்திரையொன்றைச் சர்வரோக நிவாரணி என்று பெரிய நாடுகளின் பெரிய மனிதர்கள் புகழ்ந்தார்கள். பிரிட்டனிலே ஆயிரக்கணக்கானோரைச் சீட்டு முறையில் பிரித்துச் சோதித்தார்கள். அந்த மாத்திரை சாவைக் குறைக்கவில்லை. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்தோ, மூச்சுக்குப் போராடியோர் பலரைக் காப்பாற்றியது. புகழ் ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம்!

இந்த முறைக்குச் சான்றுவழி மருத்துவம் என்ற பெயரை 1990களின் தொடக்கத்தில் கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் சூட்டினார்கள். நல்ல சோதனைகளின் சான்று ஒன்று, மருத்துவரின் தேர்ச்சி ஒன்று, நோயாளியின் நிலையும் விருப்பமும் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். கணக்கு மட்டும் போதும் என்று அது சொல்லவில்லை. கணக்கில்லாமல் முடிவெடுக்காதே என்கிறது.

தல்லாகுளத்துக்குத் திரும்புவோம். அடுத்த சித்திரையிலும் அந்த ஒலிபெருக்கி வரும். புட்டி மாறும், படங்கள் மாறும். சுமை தூக்கும் தோழரே! நீர் தலையிலே ஏற்றும் மூட்டையின் எடையை யார் சொன்னாலும் நம்பமாட்டீர்; தூக்கிப் பார்த்தே கூலி பேசுவீர். வீட்டிலே படுத்திருப்பவரின் உயிர் அந்த மூட்டையைவிட இலேசானதா? எத்தனை பேர் குடித்தார்கள், எத்தனை பேர் பிழைக்கவில்லை, குடிக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளும். விடை வராவிட்டால், காசை முடிந்துகொண்டு நேரே அரசு மருத்துவமனைக்கு நடையைக் கட்டும். அங்கேயும் கேட்கத் தயங்காதீர். கேட்பது நம் உரிமை.

மதம் மாறினால் பதவி என்றபோது மறுத்தவர், கல்லெறிந்த சேரிக்கே ஊசியோடு போனவர், பழி சுமந்தும் உண்மையின் மீது நம்பிக்கை இழக்காதவர் ஹாப்கின். அவருக்குச் சிலை வேண்டாம், மாலை வேண்டாம். எண்ணிப் பார்ப்போம்! சிந்தித்தும் எண்ணுவோம், கணக்கிட்டும் எண்ணுவோம்! அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றி.